பொய்யைப் பற்றிய பாடம்

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கச் சேர்ந்தபோது பிரேக் அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஞானம் தேடிப் போனவள் இல்லை அவள். ஒரே ஒரு ஆளைப் பழிவாங்கப் போனாள். கறுவிக்கொண்டே போய், பொறுமையாகக் காத்திருந்து, வாங்கியும் விட்டாள்.

பிரேக் அக்கா என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் வைத்த பெயர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் சும்மா மிதிக்க மாட்டாள், திட்டிக்கொண்டேதான் மிதிப்பாள். "எதிர்ல வர்றவரு உனக்குத் தாய்மாமனா? ஒதுங்கிப் போவாருன்னு பாக்குறியா?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்த ஊரில் வண்டியே ஓட்டவில்லை என்று சொல்லலாம். தங்கை கல்லாவையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ள, அக்கா தெருவைப் பார்த்துக்கொள்ள, பயிற்சிப் பள்ளி நன்றாகவே ஓடியது.

அவள் கல்யாணம்தான் ஓடவில்லை. கட்டியவர் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டை இழுத்தது இவள்தான். பள்ளியிறுதியில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தும், ஒரு வீட்டில் இரண்டு பேர் புத்தகமும் கையுமாக இருந்தால் அடுப்பு எரியாது என்று தன் படிப்பை மூட்டை கட்டி வைத்தாள். அவருக்குப் பட்டம் கிடைத்தது, பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது, பேராசிரியர் என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "நம்ம ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல, கவனிச்சியா?" என்று கேட்டார். அவள் அதுவரை பேசிக்கொண்டேதான் இருந்தாள். விவாகரத்து ஆயிற்று. அழுதாள், கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்தாள், பிறகு எழுந்து வண்டியை எடுத்தாள். அதற்காகவெல்லாம் அவள் யாரையும் பழிவாங்கக் கிளம்பவில்லை. விட்டுத் தொலைத்தாயிற்று என்று இருந்துவிட்டாள்.

இப்படி இருக்கையில், சுருட்டை முடியோடு ஒரு பல்கலைக்கழக மாணவி வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். வாய் ஓயாத பெண். சந்தை வளைவில் சிக்னலுக்காக நின்றபோது, "அக்கா, எங்க அறவியல் சார் ஒரு கதை சொல்வாரு பாருங்க, வருஷா வருஷம் சொல்வாராம், சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்கும்" என்று ஆரம்பித்தாள்.

கதை இதுதான். சாருக்குத் தெரிந்த ஒரு பெண். பெரிய படிப்பெல்லாம் இல்லை. அவளுடைய அம்மா சாகக் கிடக்கிறாள். மகனோடு பேச வேண்டும் என்று துடிக்கிறாள். மகனோ அந்த வாரம்தான் விபத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறான், அம்மாவுக்குத் தெரியாது. இந்தப் பெண் என்ன செய்தாள்? பக்கத்து அறைக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆண் குரலில் தொலைபேசியில் பேசினாள்.

"இப்படி அக்கா!" என்று சுருட்டை முடி, ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "'அம்மா, நான்தாம்மா, வந்துக்கிட்டே இருக்கேம்மா!' சார் அப்படியே நடிச்சுக் காட்டுவாரு. கடைசியில, 'பொய் சொன்னோமேங்கிற உறுத்தல்கூட இல்லாம அவ நிம்மதியா தூங்கப் போனா. சிந்திக்கத் தெரியாத அன்பு எவ்வளவு ஆபத்துன்னு பாருங்க'ன்னு முடிப்பாரு."

சிக்னல் விழுந்தது. வண்டி முன்னால் பாய்ந்தது. பிரேக் அக்கா மிதித்த மிதியில் இரண்டு பேரும் கண்ணாடியில் போய் முட்டப் பார்த்தார்கள். திட்டு வரும் என்று சுருட்டை முடி தோளைக் குறுக்கிக்கொண்டாள். வரவில்லை. "இறங்கு. நான் ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

ஏனென்றால் அந்த அம்மா அவளுடைய அம்மா. இறந்த மகன், லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன். அந்தப் பெண் அவள்தான். ஆனால் தொலைபேசியில் பேசியது அவள் இல்லை.

அண்ணனுக்கும் அவள் கணவருக்கும் குரல் ஒன்று போலவே இருக்கும். தொலைபேசியில் யார் பேசினாலும் வீட்டில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு அசடு வழிவார்கள். ஆஸ்பத்திரியில் அம்மா, "அவன ஒரு வார்த்தை பேசச் சொல்லுடி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தபோது, இவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கணவர் எழுந்து வெளியே போனார். சற்று நேரத்தில் இவள் கைபேசி அடித்தது, அவருடைய எண். அம்மாவின் காதில் வைத்தாள். "அம்மா, வந்துக்கிட்டே இருக்கேன். வழியில கொஞ்சம் நெரிசல். நீ தூங்கு, முழிச்சதும் நான் பக்கத்துல இருப்பேன்." அம்மாவின் முகம் தெளிந்தது. "மெதுவா வாப்பா" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இவள் வெளியே போய்ப் பார்த்தபோது, அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, கைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

பிரிந்த பிறகும் அவரை முழுக்க வெறுக்க முடியாமல் அவளைத் தடுத்து வைத்திருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். அதைத்தான் அந்த ஆள் வருஷா வருஷம் எடுத்துவைத்து, தன்னை அதிலிருந்து துடைத்துவிட்டு, இவள் மூக்கில் இவள் கையையே வைத்து, பிள்ளைகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறார்.

"விட்டுத் தள்ளுக்கா" என்றாள் தங்கை. "நாயி குரைச்சுட்டுப் போகுது."

"இல்லடி. அந்த ஆளு எந்த இடத்துல நின்னு என்னைச் சிரிப்பாச் சிரிக்க வச்சாரோ, அதே இடத்துல வச்சுத்தான் பேசணும்."

அந்தப் பல்கலைக்கழகத்தில் வயதில் மூத்தவர்களுக்கும் இளங்கலையில் சில இடங்கள் ஒதுக்குவார்கள். விண்ணப்பித்தாள். நேர்காணலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மையார், "இத்தனை துறை இருக்கே, ஏன் தத்துவம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரைப் புரிஞ்சுக்கணும் மேடம்."

"ஒருத்தரையா? மனிதரையா?"

"மனுஷர்தான்னு நினைக்கிறேன்."

அம்மையாருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது.

முதலாண்டில் தத்துவ அறிமுகம், தர்க்கவியல், அறவியல் என்று மூன்று பாடங்கள். அவளுக்கு வேண்டியது மூன்றாவது. ஆனால் மற்ற இரண்டுக்கும் உட்கார்ந்தாக வேண்டும். அறிமுக வகுப்பில் ஒரு இளைஞர், முன்னால் இருக்கும் மேசை உண்மையிலேயே இருக்கிறதா என்று வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கு சார், இப்பத்தான் முட்டிக்கிட்டேன்" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். வகுப்பு சிரித்தது. இளைஞரும் சிரித்துவிட்டு, வலி இருப்பதற்கும் மேசை இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை யோசித்து ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். தர்க்கவியல் சுத்தமாக ஏறவில்லை. முதல் தேர்வில் கோட்டை விட்டாள்.

அறவியல் வகுப்பின் முதல் நாள் முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பேராசிரியர் உள்ளே வந்தார். கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது. வருகைப்பதிவைப் படிக்க ஆரம்பித்தவர், அவள் பெயருக்கு முன்னால் நின்றார். தண்ணீர் குடித்தார். படித்தார்.

"இருக்கேன் சார்" என்றாள்.

அன்று முதல் அவர் பின்வரிசையைப் பார்த்தே பாடம் நடத்தினார். முன்வரிசை என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளோ ஒரு வகுப்பையும் விடவில்லை. காய்ச்சலோடும் போனாள். கடமை, நன்மை, வாக்குறுதி என்று ஒவ்வொரு பாடமாக அவர் நகர, அவள் இரையைப் பார்க்கும் பூனைபோல் உட்கார்ந்திருந்தாள். பயிற்சி வண்டியில் தனியாகப் போகும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நிதானமாகச் சொல்ல வேண்டும், குரல் உடையக் கூடாது, முடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும்.

பொய்யைப் பற்றிய பாடம் வந்தது. எந்த நிலையிலும் பொய் கூடாது என்று சொன்ன ஒரு பழைய தத்துவவாதியைப் பற்றிப் பேராசிரியர் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதை அவளே உள்ளுக்குள் ஒத்துக்கொண்டாள். நேரம் ஓடியது. கதை வரவில்லை. புத்தகத்தை மூடப் போனார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "சார், அந்த ஃபோன் கதை? சீனியர்ஸ் எல்லாரும் சொன்னாங்களே!" என்றாள். "ஆமா சார், ஃபோன் கதை!" என்று மேசைகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"அது இந்த வருஷம் வேண்டாம். பாடத்திட்டத்துல இல்ல."

"சொல்லுங்க சார்!"

"நேரம் ஆச்சு."

பிரேக் அக்கா கையை உயர்த்தினாள். வருஷக்கணக்கில் முதல்முறையாக அவர் அவள் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வை வேண்டாம் என்றது. அது நன்றாகப் புரிந்ததால்தான் அவள் எழுந்தாள்.

"எனக்கு அந்தக் கதை தெரியும் சார். நான் சொல்லட்டுமா?"

கைதட்டல். அவர் மறுத்தாலும் மாட்டிக்கொள்வார், விட்டாலும் மாட்டிக்கொள்வார். சும்மா நின்றார். அவள் மேடைப் பக்கம் வந்து, வகுப்பைப் பார்த்து, அவர் சொல்லும் விதமாகவே சொன்னாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேம்மா" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தான். செத்தது எங்க அண்ணன். படுத்துக் கிடந்தது எங்கம்மா."

பேராசிரியர் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆனா ஃபோன்ல பேசினது நான் இல்ல. சார்தான். அப்போ அவரு என் புருஷன்."

இந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் அவள் பயிற்சி எடுத்திருந்தாள். உட்கார்ந்திருந்தால் அது நியாயமாக முடிந்திருக்கும். ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். அந்த வெளுப்பு அவளுக்குத் தேனாக இனித்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. அவர் அண்ணன் குரலில் பேசியதை நடித்துக் காட்டினாள். அம்மா "மெதுவா வாப்பா" என்றதை, இழுத்து இழுத்து மூச்சு வாங்கிச் சொல்லிக் காட்டினாள். கடைசியாக அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை, தோளைக் குலுக்கி, மூக்கை உறிஞ்சி, விக்கி விக்கிக் காட்டினாள். முதலில் யாரோ ஒருவர் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார். பிறகு வகுப்பே வெடித்தது.

பேராசிரியர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவை இழுப்பதற்குப் பதில் தள்ளிக்கொண்டு நின்றார். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. அவருக்கு 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று பெயர் விழுந்தது. அவர் தாழ்வாரத்தில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேம்மா" என்பார்கள். திரும்பினால் எல்லோரும் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலையில் கரும்பலகை முழுக்க மூக்கு வரைந்திருந்தது. அவர் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது அறவியல் பாடம் அவரிடமிருந்து கைமாறி, புதிதாக வந்த ஒரு இளம் ஆசிரியையிடம் போயிருந்தது. தானே கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றம் என்று சொன்னார்கள்.

அந்த வாரங்களில் பிரேக் அக்கா நன்றாகச் சாப்பிட்டாள், அடித்துப்போட்டது போல் தூங்கினாள். பயிற்சி வண்டியில் திட்டு பாதியாகக் குறைந்தது. "அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தங்கையிடம் விசாரித்தார்கள். வகுப்பு இல்லாத நாளிலும், அவர் அறை இருக்கும் தாழ்வாரத்தின் வழியாகச் சும்மா ஒரு நடை போய் வந்தாள். அந்த மூக்குச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க மனசு குளிர்ந்து கிடக்கும்.

ஒருநாள் கேன்டீனில் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினாள். அடுத்த மேசையில் அவளுடைய வகுப்புப் பெண்களில் ஒருத்தி, வேறு துறைத் தோழிகளுக்கு அந்தக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியரை நடித்து முடித்துவிட்டாள். இப்போது நாற்காலியில் சாய்ந்து, வாயைக் கோணலாக வைத்து, கண்ணைச் செருகிக்கொண்டு, "மெ...து...வா... வாப்...பா" என்றாள். தோழிகள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள். "திரும்பச் செய், திரும்பச் செய்" என்றார்கள். அவள் திரும்பச் செய்தாள். இந்த முறை நாக்கையும் வெளியே நீட்டினாள்.

பிரேக் அக்காவின் கையிலிருந்த தேநீர் தளும்பிப் புறங்கையைச் சுட்டது.

"நிறுத்துடி!"

கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்து எழுந்தாள். "சாரிக்கா... நீங்க... நீங்கதானேக்கா அப்படி செஞ்சு காட்டுனீங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

பிரேக் அக்கா கோப்பையைக் கிடைத்த மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். கால் பழகின வழியில் அந்தத் தாழ்வாரத்துக்கே கொண்டுபோய் விட்டது. பேராசிரியரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வேற வளாகத்துக்குக் கேட்டிருந்தேன். கிடைச்சிருச்சு" என்றார், அவள் கேட்காமலேயே. "உனக்குச் சந்தோஷமா இருக்கணுமே."

"இருந்துச்சு." கதவுக்கு வெளியிலேயே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், அன்று வேறு விதமாகத் திரும்பியது. "ஏன் அப்படிச் செஞ்ச? உன்னைப் பத்திச் சொல்றதுன்னா உன்னைப் பத்திச் சொல்ல வேண்டியதுதானே? என்னை எதுக்கு உள்ளே இழுத்த?"

அவர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"முதல் வருஷம் என் கதையாத்தான் சொன்னேன். பாதியில தொண்டை அடைச்சுக்கிச்சு. பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியல. அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் சிரிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். அது நானா இருக்கட்டும்னு விட்டுட்ட."

"ஆமா" என்றார். மழுப்பவில்லை.

அவள் அவர் கையைப் பார்த்தாள். கைபேசியை நெஞ்சோடு வைத்திருந்த கை. இப்போது அதில் புத்தகத் தூசி ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு உங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணினது யோசிச்சுப் பண்ணினது இல்ல" என்றார். "என் வாழ்க்கையிலேயே யோசிக்காம நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் எடுத்துட்ட."

"நீதான் முதல்ல எடுத்த. நான் மிச்சத்தை எடுத்தேன்."

பேச ஒன்றுமே இல்லை என்று சொன்னவருக்கும் அவளுக்கும் இப்போது பேச எவ்வளவோ இருந்தது, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மன்னிக்கச் சொன்னா மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

"நான் கேக்கலையே."

"கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்றேன்."

திரும்பி நடந்தாள். வீட்டில் தங்கையிடம் நடந்ததைச் சொன்னாள். தங்கை அம்மாவின் பெயர் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவை எதுக்குக்கா அங்க கொண்டு போன? அவர மட்டும் அடிச்சிருக்கலாமே" என்றாள். பிரேக் அக்கா மறுநாள் வகுப்பில் போய், இனி யாராவது எங்கம்மா மாதிரி பேசிக் காட்டினால் பல்லைக் கழற்றிவிடுவேன் என்று எழுந்து நின்று சொன்னாள். அவள் முன்னால் அந்த நடிப்பு நின்றது. முதுகுக்குப் பின்னால் நின்றதா என்று அவளுக்குத் தெரியாது.

படிப்பை அவள் விடவில்லை. தர்க்கவியலை இரண்டாவது முயற்சியில் தட்டுத் தடுமாறிக் கடந்தாள். அறவியலில் இளம் ஆசிரியை பழிவாங்குதலைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது, அது சரி என்று ஒரு பக்கம் எழுதி, தவறு என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டையுமே கிழித்துப் போட்டுவிட்டு, வேறு ஏதோ தலைப்பில் எழுதிக் கொடுத்தாள். சுமாரான மதிப்பெண் வந்தது.

பேராசிரியர் அறையைக் காலி செய்த நாளில், பல்கலைக்கழக வாசல் சாலையில் ஒரு புதுப் பெண்ணுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் கூரைக்கு வெளியே, இரண்டு அட்டைப்பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஒன்று நனைந்து அடிப்பக்கம் பிய்ந்திருந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இவள் எவ்வளவோ முறை கற்றுத்தருகிறேன் என்று சொல்லியும் கற்றுக்கொள்ளவில்லை.

"அக்கா, அது நம்ம யுனிவர்சிட்டி சார்தானே? பாவம், நனையறாரு" என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த பெண். "பின்சீட் காலியாத்தானே இருக்கு. ஓரங்கட்டவா?"

நிறுத்தம் நெருங்கியது. அவர் தலை தூக்கி வண்டியைப் பார்த்தார், பயிற்சிப் பள்ளியின் பலகையைப் பார்த்தார், உள்ளே யார் இருப்பது என்று தெரிந்துகொண்டார். கையைக் காட்டவில்லை.

"ரோட்டைப் பாரு" என்றாள் பிரேக் அக்கா. "மூணாவது கியர் போடு."